விட்டுப்போன கிணறு

சாயங்காலம் ஆறரை மணி. கார்த்திகை மாதம், அதனால் அப்போதே நல்ல இருட்டு. தாடிக்கொம்பைத் தாண்டி உள்ளே பிரிகிற ஒரு கிளைச் சாலை... இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். நடுவில் ஒரே ஒரு ஸ்கூட்டி போய்க்கொண்டிருக்கிறது. முன்னால் வண்டி இல்லை. பின்னாலும் இல்லை.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது எங்கேயோ கேட்ட கதை இல்லை. நம் பிராங்க்ளினின் சித்தி அன்புக்கரசிக்கு நடந்தது. பிராங்க்ளின் இதோ இருக்கிறான். நான் எதையாவது கூட்டிச் சொன்னால் அவனே மறிக்கட்டும்.

அன்புக்கரசி ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியர். எந்த ஒன்றியம் என்பது வேண்டாம். ரோடு, வாய்க்கால், பள்ளிக்கூடச் சுவர், எது கட்டுவதாக இருந்தாலும் முதலில் போய் அளந்து, எஸ்டிமேட் போட்டு, டெண்டர் தயாரிப்பது அவர் வேலை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. மேட்டுப்பட்டி வீட்டில் அம்மாவும் அவருமாக இருந்தார்கள். அம்மா போன பிறகு அவர் மட்டும். காலையில் ஆக்கிய சோறுதான் ராத்திரிக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக டிவியைப் போட்டுவிடுவார். பார்ப்பதற்கு இல்லை... ஒரு பேச்சுச் சத்தத்துக்கு.

நம் பக்கத்துச் சாலைகளைத்தான் உங்களுக்குத் தெரியுமே. ரோட்டை ஒட்டியே கிணறு வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். சுற்றுச்சுவர் இருக்காது. அந்த வருஷம் ஒரு கார் அப்படி ஒரு கிணற்றில் விழுந்து, உள்ளே இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. உடனே மேலிருந்து உத்தரவு. சாலையோரக் கிணறுகள் எல்லாவற்றுக்கும் சுவர் எழுப்ப டெண்டர் விட வேண்டும். திங்கட்கிழமை அறிவிப்பு பேப்பரில் வந்தாக வேண்டும்.

அன்புக்கரசி வெயிலில் அலைந்து அத்தனை கிணறுகளையும் அளந்தார். டேப்பின் மறுமுனையைப் பிடிக்கக் கூடவே காமராஜ் வருவான், சாலைப் பணியாளன். அன்றைக்குத்தான் கடைசி நாள். வேலை முடிந்ததும், "அக்கா மகளுக்குக் காதுகுத்து மேடம், இந்த பஸ்ஸ விட்டா வேற பஸ் இல்ல" என்று காமராஜ் போய்விட்டான். அன்புக்கரசி ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்கைச் சரிபார்த்துவிட்டுக் கிளம்பும்போது இருட்டிவிட்டது.

அந்தக் கிளைச் சாலையில் ஒரு வளைவு. வண்டியின் வேகத்தைக் குறைத்தார். அப்போது இடதுபக்கம், மிகப் பக்கத்தில் ஒரு குரல்.

"ஏனுங்க மேடம்... இந்தக் கெணத்த விட்டுட்டீங்களே."

பிரேக்கை அழுத்தினார். வண்டி அணைந்தது. அதோடு விளக்கும் அணைந்தது. தூரத்தில் ஏதோ தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது... அதுவும் நின்றது.

"யாரு? எந்தக் கெணறுப்பா?"

"இங்கதானுங்க. உங்க காலுக்குப் பக்கத்துல."

இளம் குரல். பேச்சில் பழனிப் பக்கத்து இழுவை. அன்புக்கரசி செல்போன் டார்ச்சை அடித்தார். தார் ரோட்டின் விளிம்பு. அதை ஒட்டிக் கை அகலத்துக்கு மண். அதற்கப்புறம் கருவேலங் கிளைகள்... கிளைகளுக்குக் கீழே தரையே இல்லை. இன்னும் ஓர் அடி தள்ளிக் காலை ஊன்றியிருந்தால் அவரே உள்ளே போயிருப்பார். எத்தனை வருஷமாக இந்த வழியாகப் போய் வருகிறார்! இப்படி ஒரு கிணறு இருப்பது தெரியவே தெரியாது.

"இது எங்க கணக்குலயே இல்லையேப்பா."

"யாருக்கும் தெரியாதுங்க. செடி மூடிப்போச்சு."

பேசாமல் கிளம்பியிருக்கலாம். ஆனால் வளைவில் இருக்கிறது கிணறு. மற்றதெல்லாம் ஆபத்து என்றால் இது எமன். சீட்டுக்கு அடியிலிருந்து டேப்பை எடுத்தார்.

"அந்தப் பக்கம் போய்ப் பிடிக்கிறியாப்பா? பாத்துப் போ."

டார்ச் வெளிச்சத்துக்குள் ஒரு கை வந்தது. கை மட்டும்தான் தெரிந்தது. டேப்பின் முனையை வாங்கும்போது விரல் பட்டது. நாளெல்லாம் துணி துவைத்த கை மாதிரி, விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. சாயப் பட்டறையிலோ மில்லிலோ வேலை செய்கிற பையனாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

டேப் நீண்டுகொண்டே போனது. கீழெல்லாம் காய்ந்த சருகு. ஆனால் சருகு மிதிபடும் சத்தம்... அது கேட்கவில்லை என்பது அவருக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

"பிடிச்சுட்டேனுங்க."

அளவைப் பார்த்து, பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். எதிர்ப்பக்கம் ஒரே இருட்டு.

"இருட்டிப்போச்சுங்களே மேடம். வீட்ல தேட மாட்டாங்களா?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் அம்மா போன பிறகு அவரிடம் யாருமே அதைக் கேட்டதில்லை.

"தேடுறதுக்கு ஆள் இல்லப்பா."

பேனாவை மூடிப் பையில் வைத்தார்.

"எனக்கு இருக்குதுங்க. எங்கம்மா தேடிட்டே இருக்குது."

"அப்பறம் என்ன, வீட்டுக்குப் போக வேண்டியதான. சரி, டேப்ப விட்டுரு. சுத்திக்கிறேன்."

கைப்பிடியைச் சுற்றினார். டேப் வரவில்லை. மறுபடி சுற்றினார். அது இறுக்கமாக நின்றது.

"ஆழத்தையும் அளந்துக்கங்க மேடம்."

அதே குரல். அதே நிதானம். ஆனால் இந்தத் தடவை எதிர்ப்பக்கத்திலிருந்து வரவில்லை... கீழேயிருந்து வந்தது. கல்லில் மோதி, மெல்ல வட்டமடித்து மேலே ஏறி வந்தது.

டார்ச்சைத் தாழ்த்தினார். கையிலிருந்த டேப் அக்கரைக்குப் போகவில்லை. கரையின் விளிம்பில் மடிந்து நேராகக் கிணற்றுக்குள் இறங்கியிருந்தது.

கைப்பிடி தானாகச் சுழன்றது. கிர்ர்ர்ர்... டேப் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. பாசி வாடை அடித்தது. அதோடு சேர்ந்து பெட்ரோல் வாடை. கிர்ர்ர்... சட்டென்று நின்றது.

"தரைங்க."

பழக்க தோஷம்தான், வேறென்ன சொல்வது. அந்த நிலையிலும் அவர் கண் டேப்பில் இருந்த எண்ணைப் பார்த்தது.

"செத்த நேரம் இருங்களேன் மேடம்... போயிராதீங்க."

பிராங்க்ளினிடம் சித்தி சொன்னது இது: "பயமெல்லாம் வீட்டுக்கு வந்தப்பறம்தான்டா. அந்த நிமிஷத்துல எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. ஆள் தொணைக்கு ஏங்குறவன் கொரலு எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

அவர் அப்படியே நின்றார். எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியாது. பிறகு கிணற்றைப் பார்த்து, "திரும்ப வாரேன்பா. ஆளக் கூட்டிட்டுக் கண்டிப்பா வாரேன்" என்றார்.

டேப் தளர்ந்தது. சுற்றச் சுற்ற ஈரமாக வந்தது. கருப்புச் சேறு விரலில் அப்பி, உள்ளங்கையில் எழுதியதெல்லாம் அழிந்துபோனது. வண்டி முதல் அழுத்திலேயே கிளம்பியது. அன்றைக்கு ராத்திரி டிவியோடு சேர்ந்து எல்லா அறை விளக்கும் எரிந்தது.

மறுநாள் காலை உதவிப் பொறியாளர் ஞானதாஸ் முன்னால் போய் நின்றார். "சார், ஒரு கெணறு விட்டுப்போச்சு. சேக்கணும்."

"என்னம்மா வெளையாடுறியா? கெணத்துப் பட்டியலுக்கு ஒப்புதல் வாங்கியாச்சு. இப்பப் போய் ஒண்ணச் சேத்தா அம்புட்டையும் முதல்ல இருந்து டைப் அடிக்கணும்."

"நான் அடிக்கிறேன் சார். ஒரு தடவ வந்து பாருங்க."

ஜீப்பில் போனார்கள். வெயிலில் பார்த்தபோது ஞானதாஸே ரோட்டின் நடுவுக்கு நகர்ந்து நின்றுகொண்டார். காமராஜ் டேப்பைப் பிடித்தான். பிறகு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி ஆழம் பார்த்தான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே அன்புக்கரசி இரண்டு அளவையும் சொல்லிவிட்டார்.

"நேத்து நான்தான் இல்லையே. யார் மேடம் டேப் பிடிச்சது?"

அவர் டேப்பை வாங்கிச் சுற்றி ஜீப்பில் வைத்தார்.

அன்றும் மறுநாளும் உட்கார்ந்து டெண்டர் முழுவதையும் திரும்ப அடித்தார். அந்த ஒரு கிணற்றுக்கு மட்டும் ஒரு நிபந்தனையைச் சேர்த்தார். சுவர் எழுப்பும் முன் தண்ணீரை முழுக்க இறைத்து, அடிவரை தூர் எடுக்க வேண்டும். ஞானதாஸ் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இது எதுக்கும்மா? ஆடிட்ல கேட்டா நீதான் பதில் சொல்லணும். உன் வேலைக்கே வம்பா வந்துரும்."

"சொல்லிக்கிறேன் சார்."

டெண்டருக்கு முன்னால் ஒப்பந்தக்காரர்களைக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்கச் சொல்வார்கள் அல்லவா, அந்தக் கூட்டத்திலும் இதே பேச்சுதான். மரியசெல்வம் என்கிற ஒப்பந்தக்காரர் எழுந்தார். "மத்த கெணத்துக்கெல்லாம் வெறும் சுவரு. இது ஒண்ணுக்கு மட்டும் என்ன மேடம், உள்ள புதையலா இருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். அன்புக்கரசி சிரிக்கவில்லை.

"அத எடுத்துருங்க மேடம். ரேட்ட நல்லாக் கொறச்சுப் போடுறோம்."

ஞானதாஸ் அவர் முகத்தைப் பார்த்தார்.

"எடுக்க முடியாதுங்க. முடியும்னா டெண்டர் போடுங்க, இல்லாட்டி விட்டுருங்க."

கடைசியில் வேலை மரியசெல்வத்துக்கே கிடைத்தது. மாசி மாதம் அந்தக் கிணற்றில் மோட்டார் வைத்து இறைத்தார்கள். அன்புக்கரசி காலையிலிருந்து கரையை விட்டு நகரவில்லை. கையில் சோற்று டப்பா திறக்காமலே இருந்தது. நீர் வடிந்து சேறு தெரிந்தபோது முதலில் ஒரு பைக்கின் கைப்பிடி தெரிந்தது. அப்புறம் சக்கரம். அப்புறம்... உள்ளே இறங்கியிருந்தவன் கத்திக்கொண்டே மேலே ஏறினான்.

போலீஸ் வந்தது. வண்டி எண்ணை வைத்து விசாரித்ததில் பையன் பெயர் அழகுராஜா. தொப்பம்பட்டிப் பக்கம். திண்டுக்கல்லில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் கூட்டாளி வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பியவன்தான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கேரளா லாரியில் பைக்கோடு ஏறியதைப் பார்த்ததாக யாரோ சொல்லிவிட்டார்கள். அவன் அம்மா முத்துப்பேச்சி மூன்று வருஷமாக அந்த மார்க்கெட் வாசலில் நின்று, காய்கறி ஏற்றுகிற ஒவ்வொரு டிரைவரிடமும் அவன் போட்டோவைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளைக் கூட்டி வந்தார்கள். அழவில்லை. கரையில் மூடி வைத்திருந்ததைப் பார்த்தாள். கிணற்றைப் பார்த்தாள். பிறகு, இந்தக் கிணற்றைத் தூர் எடுக்கச் சொன்னது யார் என்று விசாரித்துக்கொண்டு நேராக அன்புக்கரசியிடம் வந்து கையைப் பிடித்தாள்.

"என்ற பையன் இங்கயே தானுங்களா இருந்தான்? நான் லாரி லாரியாப் போய் நின்னனே..."

அன்புக்கரசி அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"ஏதாச்சும் சொன்னானுங்களா?"

சுற்றி நின்றவர்கள் துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து அவளைப் பிடித்து இழுத்தார்கள். அன்புக்கரசி மட்டும் குனிந்து, அவள் காதோடு சொன்னார்.

"எங்கம்மா தேடிட்டே இருக்குதுன்னு சொன்னான்மா."

முத்துப்பேச்சி தலையை ஆட்டினாள். எப்படி, எப்போது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

பங்குனியில் சுவர் எழும்பியது. இடுப்பு உயரம், வெள்ளைச் சுண்ணாம்பு, வளைவில் வருகிற வண்டிக்குத் தெரியும்படி, வெளிச்சம் பட்டால் மின்னுகிற சிவப்பு வில்லைகள். டெண்டர் வேலை முடிந்து பில்லும் பாஸ் ஆனது. ஆடிட்டில் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் உங்களை இந்த நேரத்தில் உட்கார வைத்திருக்க மாட்டேன்.

சித்திரையில் ஒருநாள், பொழுது சாய்கிற நேரத்தில் அன்புக்கரசி அந்த வழியாக வந்தார். வளைவில் வண்டியை நிறுத்தினார். சுவரில் கையை ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தார். கொஞ்சம் ஊற்றுநீர், அதில் வானம்.

"இருக்கியாப்பா?"

பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். கிணறு அவர் குரலையே திருப்பிக் கொடுத்தது. நல்லபடியாகப் போய்விட்டான் என்று நினைத்தார். சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் வீட்டில் தேடுவார்களா என்று கேட்ட ஒரே ஆளும் போய்விட்டான் என்று நெஞ்சில் ஏதோ காலியானது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

வளைவைத் தாண்டினால் கருவேலங்காடு முடிந்துவிடும். அந்தப் பக்கம் பிளாட் போட்ட இடம். காட்டை அழித்து, மண்ணடித்துச் சமமாக்கி, வரிசையாகக் கல் நட்டுக் கலர் கொடி கட்டியிருந்தார்கள். ஆளும் இல்லை, வீடும் இல்லை. மேடு பள்ளம் எதுவும் கிடையாது. கொடிகள் மட்டும் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. ஸ்கூட்டி பாதித் தூரம் கூடப் போகவில்லை... கொடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அசையாமல் நின்றன.

"மேடம்..."

பொம்பளைக் குரல். இந்த ஊர்ப் பேச்சு. சக்கரத்துக்கு அடியிலிருந்து வருவது போல அமுங்கிக் கேட்டது.

"இங்கயும் ஒரு கெணறு இருந்துச்சு மேடம். மண்ணப் போட்டு மூடிட்டாய்ங்க."

கொஞ்சம் விட்டு, வாய்க்குள் மண் இருக்கிறவள் பேசுகிற மாதிரி, மெல்ல...

"நாங்க உள்ள இருக்கயிலேயே."