கொக்கு எடுத்த தலைக்கணக்கு

அன்று அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரோ விட்டுப்போனார்கள் என்ற பேச்சு வேண்டாம். நான் இருந்தேன். கொக்கு என்ற பட்டப்பெயர் கொண்ட நோயாளி இருந்தார். அவருடைய தங்கை, தையல்காரி, முதல் கால் மணி நேரம் மட்டும் இருந்தாள். கணினித் திரையில், துறைமுகக் கரையில், நாற்பது பேருக்கு மேல் நின்றார்கள். அவர்களில் எத்தனை பேர் ஆட்கள், எத்தனை பேர் பொம்மைகள் என்பதில்தான் எல்லாம் தொடங்கியது, தம்பி.

அந்தத் தங்கைப் பெண்ணை நீங்கள் இரண்டு நாளாக இந்தக் காவல் நிலையத்தில் உட்கார வைத்து விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் நானாக வந்தேன். ஒரு பெண்பிள்ளை தலையில் பழி விழுவதைக் கை கட்டிப் பார்ப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை.

நெடுந்துறை என் மகன் உருவாக்கிய இணைய விளையாட்டு. கடலோரத்தில் ஓர் ஊர். எந்த நாட்டில் இருப்பவரும் கணினி வழியாக அதற்குள் ஓர் ஆளாக நுழையலாம். கப்பல் கட்டலாம், கொள்ளையரை விரட்டலாம், எதுவும் பிடிக்கவில்லையென்றால் கரையில் நின்று வம்பு பேசலாம். நான் ஆரம்பத்தில் அதை எதிர்த்தவன். பாலம் கட்டும் துறையில் தலைமைப் பொறியாளராக இருந்தவனின் மகன் விளையாட்டுக் காட்டிப் பிழைப்பதா என்று ஒரு வருடம் அவனோடு பேசவில்லை. பிறகு அவனைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார்கள். இன்னாருடைய மகன் என்று என் பெயரையும் போட்டார்கள். பேசத் தொடங்கினேன்.

அந்த நாட்களில் ஒரே நேரத்தில் அறுபதாயிரம் பேர் உள்ளே இருப்பார்கள். வெளியே வரிசை நிற்கும். எட்டு வருடத்தில் புதுப்புது விளையாட்டுகள் வந்தன, கூட்டம் கலைந்தது. ஊர் வெறிச்சோடித் தெரியக் கூடாதே என்று மகன் பொம்மை ஆட்களை உள்ளே விட்டான். கணினியே நடத்தும் ஆட்கள். நடப்பார்கள், வலை உதறுவார்கள், வணக்கம் சொல்வார்கள். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

கொக்குக்குத் தெரிந்தது. அந்த விளையாட்டில் அவர் வைத்துக்கொண்ட பெயரே கொக்குதான். விடிந்தால் கரையில் ஒற்றைக்காலில் நிற்பார். எதிரே வரும் ஒவ்வொருவரையும் மறித்து, "வழி மறந்துட்டேன், சந்தைக்கு எப்படிப் போறது?" என்று கேட்பார். எட்டு வருடமாக நிற்பவர் கேட்டால் ஆளாக இருப்பவன் என்ன சொல்வான்? "போய்யா, மூளையையும் சேர்த்து மறந்துட்டியா" என்பான். பொம்மை மட்டும் வணக்கம் வைத்து, இடது பக்கம் திரும்பச் சொல்லும். திட்டினவர்களை எண்ணி மாலையில் எல்லோரும் படிக்கும் ஊர்ப் பலகையில் எழுதுவார். இன்று உயிரோடு இருப்பவர்கள் முந்நூற்றுப் பத்து. அடுத்த வாரம், இருநூற்று நாற்பது. வெளியே எல்லோரும் அந்தக் கணக்கைத்தான் எடுத்துப் பரப்பினார்கள்.

மகனிடம் சொன்னேன், அந்த ஆளை வெளியேற்று என்று.

"அவரையாப்பா? இன்னைக்கு நிஜமா விளையாடுறதே அவர் ஒருத்தர்தான்," என்றான். "எங்க கணக்கை விட அவர் கணக்கைத்தான் நானே காலைல பார்க்கிறேன். ஆளுங்க போயிட்டாங்கப்பா. மூடிடலாம்னு இருக்கேன்."

"நம்ம குடும்பத்துல எதையும் பாதில விட்டது கிடையாது," என்றேன். அவன் மூடுவதைத் தள்ளிப்போட்டான். நான் சொல்லி அவன் மீறியதில்லை.

ஒரு கல்யாண வீட்டில் என் சம்பந்தி, சாப்பாட்டு வரிசையில் நின்றபடி, பத்துப் பேர் கேட்கும்படி கேட்டார். "என்ன சம்பந்தி, மாப்பிள்ளை ஈ ஓட்டுறாராமே? அந்தப் பொம்மைங்கள்ல ரெண்டை எங்க வீட்டுக்கு அனுப்புங்க. தோட்டத்துக்குத் தண்ணியாவது ஊத்தட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். என் மருமகளும் சிரித்தாள். அவருடைய மகள்தானே.

அதன் பிறகு நானே நெடுந்துறைக்குள் நுழைந்தேன். ஓர் ஆளாவது கூடட்டும் என்றுதான். யாருக்கும் சொல்லவில்லை. எழுபத்திரண்டு வயதில் விசைப்பலகை பழகி, தினமும் காலை இரண்டு மணி நேரம் கரையில் நடந்தேன். கொக்கு என்னையும் மறித்து வழி கேட்டார். ஒரு மனிதர் வழி கேட்கிறார். நான் வணக்கம் சொல்லி, இடது பக்கம் திரும்பி நேரே போகச் சொன்னேன். வேறு எப்படிப் பேசுவது? மறுநாளும் கேட்டார். மறுநாளும் சொன்னேன். அந்த மாதக் கடைசியில் ஊர்ப் பலகையில் எழுதியிருந்தார்: "இந்த மாதத்தின் சிறந்த பொம்மை, வெள்ளைத் தலைப்பாகைப் பெரியவர். முதுகு வளையாது, வணக்கம் தவறாது. செய்தவன் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்."

அது நான். யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

கொக்கின் முகவரி, விளையாட்டுக்கு வரும் கடிதங்களைப் பார்க்கும் மருமகளின் மேசையில், அவர் எழுதிய ஒரு புகார்க் கடிதத்தில் கிடைத்தது. பேசத்தான் போனேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அது உண்மை.

முதல் மாடியில் ஒற்றை அறை. ஜன்னலோரம் தையல் இயந்திரம், எதிர்ச் சுவரோரம் கட்டில், அதன் அருகே கணினி மேசை. நாற்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும் அவருக்கு. நெஞ்சுக்கூடு மட்டும் எழுபது வயதுக்காரனைப் போல இருந்தது. கட்டிலின் கால்மாட்டில் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் தரையில் வளைந்து வந்து அவர் மூக்கில் முடிந்தது.

"வாங்க ஐயா, உட்காருங்க. பயப்படாதீங்க, ஒட்டாது. நுரையீரல் மட்டும்தான் ராஜினாமா பண்ணியிருக்கு, வாய் இன்னும் டூட்டியிலதான் இருக்கு," என்றார்.

விளையாட்டை நடத்துபவரின் தகப்பனார் என்று சொன்னதும் தங்கை எழுந்து நின்றாள். தைத்த துணிகளைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம். அண்ணனைத் தனியே விட முடியாமல் காலையிலிருந்து காத்திருக்கிறாளாம். "ஐயா, ஒரு அரை மணி நேரம் இருப்பீங்களா? நான் ஓடிப் போயிட்டு வந்துடறேன். மெஷின் கத்தினா குழாய் எங்கயாவது மடங்கியிருக்கும், எடுத்து விட்டாப் போதும்."

"நான் பார்த்துக்கறேன்மா. நிதானமா போயிட்டு வா," என்றேன்.

அவள் போன பிறகு விஷயத்தைச் சொன்னேன். எண்ணுவதை நிறுத்த வேண்டும், ஒரு குடும்பத்தின் பெயர் கெடுகிறது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அதை மறுக்க மாட்டேன்.

"ஐயா, நான் நக்கலுக்கு எண்ணலை. இந்த ரூமை விட்டு இறங்கி எட்டு வருஷம் ஆச்சு. எனக்கு ஊருன்னா அதுதான். எங்க ஊர்ல எத்தனை பேர் மிச்சம்னு எனக்குத் தெரிய வேண்டாமா? உங்க பையன் மேல கோபமே இல்ல. அவரு தெய்வம் மாதிரி."

அப்போது நான் ஒரு தவறு செய்தேன். கணக்கே பிழை என்று நிரூபிக்க நினைத்து, வெள்ளைத் தலைப்பாகைப் பெரியவர் நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. கண்ணில் நீர் வரும் சிரிப்பு. "நீங்களா அது? ஐயோ சாமி. நிஜ ஆளையா பொம்மைக் கணக்குல போட்டேன்? எட்டு வருஷத்துல எனக்கு ஒரு கணக்கு தப்பினதில்லை ஐயா. இருங்க, இப்பவே திருத்திடறேன்."

திரும்பித் தட்டச்சு செய்தார். நான் படித்தேன். "ஒரு திருத்தம். நேற்றைய எண்ணிக்கை நூற்று எண்பத்தாறு அல்ல, நூற்று எண்பத்தேழு. நான் பொம்மை என்று நினைத்த தலைப்பாகைப் பெரியவர் நிஜமான ஆள். நெடுந்துறையை உருவாக்கியவரின் அப்பாவே தினமும் வந்து"

அதுவரை அடித்திருந்தார். பலகையில் அது ஏறினால் மாலைக்குள் சம்பந்தி படிப்பார். மகனின் ஊரில் ஆள் இல்லாமல் தகப்பன் தலைப்பாகை கட்டிக்கொண்டு எண்ணிக்கைக்கு நிற்கிறான் என்று படிப்பார்.

அனுப்ப வேண்டாம் என்றேன். "நல்லதுதான ஐயா எழுதறேன்," என்றார், திரும்பாமல்.

திரையை நன்றாகப் பார்ப்பதற்காக நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன். நாற்காலியின் கால் குழாயின் மேல் நின்றது. அது தற்செயல். இயந்திரம் கத்தத் தொடங்கியது. அந்தச் சத்தம் தெரு வரை கேட்கும், பேச்சுக்கும் இடைஞ்சல். எழுந்து போய் இயந்திரத்தை அணைத்தேன். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தேன்.

அவர் முதலில் கையைத்தான் காட்டினார். எனக்கு விளங்கவில்லை என்று அவர் நினைத்திருக்கலாம். "குழாய், ஐயா," என்றார். இரண்டாவது முறை "ஐயா" மட்டும் சொன்னார். கடைசி வரை மரியாதை குறையவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் எழ முயன்றபோது தோளில் கை வைத்து உட்கார வைத்தேன். அதிக பலம் தேவைப்படவில்லை. அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆயிற்று. பிறகு அவர் எழுதியதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன், நாற்காலியைப் பின்னால் தள்ளினேன், இயந்திரத்தை ஓடவிட்டேன். தங்கை வந்தபோது, தூங்குகிறார் என்று நினைத்தேன் என்று சொன்னேன்.

அவள் என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். கடைசி நேரத்தில் அண்ணனுடன் ஒரு பெரிய மனிதர் இருந்தாரே என்று ஆறுதல் பட்டாள். பதினாறாம் நாள் கணினியை அவளே கொண்டுவந்து கொடுத்தாள். "எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது ஐயா. அண்ணன் அந்த ஊர்லயாவது நின்னுட்டு இருக்கட்டும். நீங்க பார்த்துக்கோங்க." மறுநாளிலிருந்து அவருடைய பெயரில் நானே உள்ளே நுழைந்து பார்த்துக்கொண்டேன். போன வாரம் ஆக்சிஜன் இயந்திரத்தை வாடகைக்கு விட்டிருந்தவன் அதை எடுத்துப்போய், அதற்குள் பதிவாகியிருந்த, கையால் அணைக்கப்பட்டு மீண்டும் போடப்பட்ட நேரங்களை உங்களிடம் காட்டியிருக்கிறான். நீங்கள் அவளைக் கூப்பிட்டீர்கள். என்னைப் பற்றிக் கேட்டதற்கு, "அவர் தங்கமானவர், அவரைச் சந்தேகப்பட்டா நாக்கு அழுகிடும்," என்றாளாம். எங்களைப் போன்ற குடும்பத்தின் மீது ஜனங்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. அதைத்தான் நான் காப்பாற்றினேன்.

ஒரு வதந்தியை மட்டும் திருத்த வேண்டும். கொக்கு போய்விட்டார், நெடுந்துறையில் இன்னும் ஓர் ஆள் குறைந்துவிட்டது என்று வெளியே எழுதுகிறார்களாம். தவறு. இன்று காலை எட்டு மணி வரை அவர் கரையில்தான் நின்றார். அவரிடமே வழி கேட்டுப் பார்த்த எல்லோருக்கும் வணக்கம் சொன்னார்.