ஒரு ஆளுக்கு ஒரு கேள்வி

ஏனுங்க, அந்த எடம் என்னுதுங்க. அட, எந்திரிக்க வேண்டாம், சித்தெ நவுந்தாப் போதும். முன்னால உக்காந்தாத்தான் பாடஞ் சொல்ற அம்மா பேசறது காதுல உழுகும். பின்னால போனா ரோட்டுல போற லாரிச் சத்தந்தான்.

புதுசுங்களா? எந்தூரு? சென்னிமலையா. நான் சூலூரு. லட்சுமணசாமிம்பாங்க. அதிகம் பேசற ஆளில்லீங்க நான்.

வெவசாயி இல்லீங்க. தலையில துண்டு கட்டுனா எல்லாரும் அப்படித்தான் நெனச்சுக்கறாங்க. மோட்டார் பட்டறை வெச்சிருந்தேன். கெணத்து மோட்டாருக்குக் காயில் கட்டறது. ஊருக்கெல்லாம் தண்ணி ஏத்திக் குடுத்தேன். அந்தத் தண்ணி அப்பறம் எந்தச் செடிக்குப் போச்சுன்னு ஒரு நாளும் பாத்தவனில்ல. போன வருசம் சாத்தியாச்சு.

இங்க எப்படி வந்தனா? சிரிக்கக் கூடாது. யுனிவர்சிட்டித் தோட்டத்துல பட்டறைன்னு காதுல உழுந்துச்சு. சரி, மோட்டாரு ஏதோ படுத்துக்கிச்சாட்ட இருக்குதுன்னு ஸ்பேனர் பையத் தூக்கிட்டு வந்து நிக்கறேன். பாத்தா ஆணும் பொண்ணுமா வட்டமா உக்காந்து சாணியப் பெசஞ்சுட்டு இருக்கறாங்க. பயிற்சிப் பட்டறையாமா! படிச்சவங்க எங்க வார்த்தைய எடுத்து இப்படித் திருப்பி வெச்சா நானென்ன பண்ணட்டும்?

வந்தது வந்தாச்சு, நாத்துப்பாத்திக்குத் தண்ணி உடுங்கன்னாரு மோகன்குமாரு. அந்தா, தொப்பி போட்டிருக்காரே, யுனிவர்சிட்டில வாத்தியாரு. இந்த ஞாயித்துக்கெழமை வேலையெல்லாம் அவரு ஏற்பாடுதான். தண்ணி உடறது எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை. மோட்டாரப் போட்டு முழுசாத் தொறந்துபோட்டேன். முந்தின நாள் வெதச்ச தண்டங்கீரை, மண்ணு, எருவு, அம்புட்டும் கேட்டத் தாண்டி ரோட்டுக்குப் போயிருச்சு. கொஞ்ச நாளுல பஸ் ஸ்டாப்புல கீரை மொளச்சு நிக்குது! யாரோ பறிச்சுக் கொழம்பும் வெச்சிருப்பாங்க. இந்தத் தோட்டத்துல நான் வெளைய வெச்சது அது ஒண்ணுதானுங்க.

அதுக்கப்பறம் சுவிட்சுக்கிட்டயே உடறதில்ல. களை பறிங்கன்னாங்க. கேரட்டுத் தழையும் பார்த்தீனியமும் ஒரே மாதிரித்தான இருக்குது? அதுவும் போச்சு.

அதனால கேள்வி மட்டுந்தானுங்க கேக்கறது. அந்தம்மா பாடத்த முடிச்சதும் மொதக் கை என்னுது. வெங்காயத்துல வேரு மேலயா கீழயான்னுகூடக் கேட்டிருக்கறேன். சிரிச்சாங்க. சிரிக்கட்டும். மோகன்குமாருக்குத்தான் பொறுக்கல. இன்னைக்கிருந்து ஒரு ஆளுக்கு ஒரு கேள்விதான்னு சொல்லிப்போட்டாரு. யாரப் பாத்துச் சொன்னாருன்னு எல்லாத்துக்கும் தெரியும்.

நானும் பஸ்ஸுல வரும்போதே ஒரு நல்ல கேள்வியா யோசிச்சு வெச்சிருந்தேன். உள்ள வந்ததும் வாய் சும்மா இருக்குதா? மண்வெட்டி எங்கீங்கன்னு கேட்டுப்போட்டேன். அந்தா செவுத்தோரத்துல, உங்க கேள்வி முடிஞ்சுதுங்கங்கறாரு அந்த மனுசன்.

இன்னைக்கு உட்டா மழையெல்லாம் முடிஞ்சுதான் அடுத்த வகுப்பு. அதுதான் கேக்கறேன், உங்க கேள்விய எனக்குக் குடுத்துருங்க. நீங்க கையத் தூக்குங்க, நான் கேட்டுக்கறேன்.

என்ன கேள்வியா? எதுவா இருந்தா என்னங்க.

அட, அது அப்படியில்ல. அந்தம்மா எல்லாத்தையும் ஏனுங்கன்னுதான் கூப்புடும். ஏனுங்க, சொல்லுங்க. ஏனுங்க, மண்ணு காஞ்சுதா பாருங்க. கையத் தூக்குனா எனக்கும் ஒரு ஏனுங்க உண்டு. அவ்வளவுதான்.

ஊட்டுல சம்சாரம் அப்படிக் கூப்புடறதில்லையான்னா? ஊட்டுல எங்கீங்க. பட்டறைச் சத்தத்துல நாள் முச்சூடும் கெடந்தவன். ஊட்டுக்குப் போனா சோறும்பேன், தண்ணிம்பேன், கதவச் சாத்தும்பேன். அவளும் எத்தனை நாளைக்குத் தனியாப் பேசுவா? சண்டை கிண்டையெல்லாம் இல்லீங்க. ரெண்டு பேரு இருக்கற ஊட்டுல எதுக்குக் கூப்படோணும்? தட்டு வெக்கற சத்தங் கேட்டா நானா எந்திரிச்சுப் போயிருவேன். ஒரு நா காலையில செருப்பப் போட்டுட்டு, யுனிவர்சிட்டித் தோட்டத்துல பட்டறை, போயிட்டு வாரேன்னா. மோட்டாரு கெட்டுதுன்னா என்னையல்ல கூப்படோணும், இவளுக்கு அங்க என்ன வேலைன்னு பொறகால வந்தவந்தான் நான். வந்து பாத்தா வட்டத்துக்கு நடுவுல பாடஞ் சொல்றதே அவதான்.

ஆமாங்க. அந்தம்மாதான். முத்தாத்தா. எம்பட சம்சாரம். மெதுவாங்க, இங்க ஒருத்தருக்கும் தெரியாது. அவ ஏழு மணி பஸ்ஸு, நான் அதுக்கு அடுத்தது. இங்க அவ பேசறதக் கேட்டீங்கன்னா... இவ்வளவு பேச்சு எங்க வெச்சிருந்தாளோ.

வந்துட்டா, வந்துட்டா. கையில நாத்துத் தட்டு. கையத் தூக்கறதுக்குத் தயாரா இருங்க. எங்கயோ தேடறா பாருங்க. மண்வெட்டி வேணுமாட்ட இருக்குது, இங்க எங்கிட்டத்தான் இருக்குது.

கேட்டீங்களா? ஏனுங்கங்கறா. ஒருத்தரும் கையே தூக்கல.

நீங்க ஏனுங்க எந்திரிக்கறீங்க? உக்காருங்க. அந்த ஏனுங்க என்னுதுங்க.