வெண்மதிக்குக் கொடுக்கக் கூடாது என்ற அமராவதி அம்மையாருக்கு

ஏச்சுக்கு அஞ்சாத எங்கள் செயலாளரே! முதலாளிமார் உங்களைச் சங்கத்து ஆள் என்றும், சங்கத்தார் உங்களை முதலாளிமாரின் ஆள் என்றும் முணுமுணுக்க, இருவருக்கும் ஒரே கெட்டிலிலிருந்து தேநீர் ஊற்றிய எங்கள் அமராவதி அம்மையாரே! சிரித்தால் யாரைக் கவிழ்க்கப் போகிறாரோ என்றும், சிரிக்காவிட்டால் யாரைக் கவிழ்த்துவிட்டாரோ என்றும் எங்களைக் கலங்கடித்த கண்ணியமே! பணிநிறைவு பெறும் உங்களை வணங்குகிறோம். வணக்கத்துக்குப் பின்னால் உள்நோக்கம் எதுவும் இல்லை. எட்டாண்டுப் பழக்கத்தில் நீங்கள் தேடுவீர்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

தொழிலாளர் உறவும் மனிதவளமும் படிக்கும் முதுகலை மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கும் நம் அறக்கட்டளைக்கு நீங்கள் 2004-இல் வந்தீர்கள். கடலூர் ஆலை நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து தொடங்கிய அறக்கட்டளை இது. சேர்ந்து என்பது பெயர்ப்பலகையில் மட்டும்தான். ஒரு மாணவரை இரு தரப்பும் ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். ஒரு தரப்பு மறுத்தாலும் அந்த ஆண்டு யாருக்கும் கிடையாது. நிர்வாகத் தரப்பில் திரு. ராமாமிர்தம், சங்கத் தரப்பில் திரு. கலியமூர்த்தி. ஒருவர் தொட்ட பிஸ்கட் தட்டை மற்றவர் தொடமாட்டார். எனவே சமரசப் பேச்சில் செய்வதுபோல் இருவரையும் இரண்டு அறைகளில் உட்காரவைத்து, நடுக்கதவைச் சாத்தி, நீங்கள் மட்டும் இங்குமங்கும் போய்வருவது நம் அலுவலக வழக்கமாயிற்று. கதவுக்கு அந்தப் பக்கம் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. சந்தேகம் முளைக்க இதைவிட நல்ல மண் வேண்டுமா?

அந்தச் சந்தேகம் எங்கள் மூத்த உதவியாளர் சார்லஸிடம் செழித்து வளர்ந்தது. நீங்கள் தாழ்ந்த குரலில் தொலைபேசியில் பேசினால் அவர் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார். "அம்மா சாமானியப்பட்ட ஆளு இல்ல ராபர்ட்டு. பாலுக்கும் காவலு, பூனைக்கும் தோழன்" என்று எங்கள் இளைய உதவியாளர் ராபர்ட்டிடம் சொல்லாத நாள் கிடையாது.

2007-ஆம் ஆண்டுத் தேர்வு நாள். விண்ணப்பித்தவர்களில் முதலிடம், முதலாண்டு முடித்திருந்த வெண்மதிக்கு. அவர் தந்தை அய்யனார், கடலூரில் ஓர் ஆலையில் ஒப்பந்தக் கூலியாக இருந்து வேலை நின்றுபோனவர். தாய் இருசம்மாள் காலையிலேயே வந்து சார்லஸிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "இந்தத் தபா கெடைக்கலன்னா படிப்ப நிறுத்திடுவோம் சார். ஜவுளிக் கடையில பேசி வச்சிருக்குது. புள்ள ராத்திரில்லாம் அழுவுது." சார்லஸுக்கும் கல்லூரி போகும் மகள் உண்டு.

தேநீர் எடுத்துக்கொண்டு அவர் சங்கத்தாரின் அறைக்குள் போனபோது நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள்: "வெண்மதின்னா நிர்வாகத்துக்கு வேப்பங்காயா இருக்குதுங்க. கூலிக்காரன் பொண்ணு நாளைக்கு வந்து சட்டம் பேசுவான்னு பயப்படறாங்க." கலியமூர்த்தி மேசையைத் தட்டினார்: "அப்ப அந்தப் பொண்ணுதான்! எழுதிக்குங்க." அதே தட்டோடு சார்லஸ் உங்கள் பின்னாலேயே அடுத்த அறைக்குப் போனார். அங்கே ராமாமிர்தத்திடம் நீங்கள்: "சங்கத்துக்கு வெண்மதி வேணாமாம் சார். கம்பெனி வேலைக்குப் போற படிப்பு, நாளைக்கு சங்கத்தையே எதிர்க்கும்னு சொல்றாங்க." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்: "அவுங்க யாரு வேணாம்னு சொல்ல? அந்தப் பெண்ணையே போடுங்க."

இரண்டு அறையிலும் இரண்டு பொய்! சார்லஸ் தட்டை அப்படியே மேசைமேல் வைத்தார். இத்தனை ஆண்டு சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று என்ற மகிழ்ச்சி ஒரு பக்கம், இந்த அம்மா இருசம்மாள் மகளின் வாயில் மண்ணைப் போடப் பார்க்கிறாரே என்ற ஆத்திரம் ஒரு பக்கம். நடுக்கதவைத் தடாரென்று திறந்துவிட்டார்.

"ஐயா, ரெண்டு பேருமே வெண்மதியத்தான் சொல்றீங்க! இவுங்கதான் நடுவுல நின்னு பொய் சொல்லிக் கலகம் மூட்டுறாங்க!"

கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்தார் பாவம். இரு தலைவர்களும் கதவு வழியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கலியமூர்த்தி பேனாவை மூடினார். "நிர்வாகமே சொல்ற பொண்ணா? அப்ப அவுங்க ஆளு. எங்களுக்கு வேணாம்." ராமாமிர்தம் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சங்கம் இவ்ளோ ஆசப்படுதுன்னா ஏதோ இருக்குது. நானும் ஒத்துக்கல." உலகத்தில் மற்றவர்கள் கருத்து வேறுபாட்டால் பிரிவார்கள், இவர்கள் கருத்து ஒத்துப்போனதால் பிரிந்தார்கள். ஜவுளிக் கடைக்கு அந்தப் பெண்ணை அனுப்பியது தன் வாய்தான் என்று சார்லஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

அம்மையாரே, அப்போது நீங்கள் சொன்னதை இந்த மன்றம் முதன்முறையாகக் கேட்கட்டும். "நல்லதாப் போச்சு. எனக்கு அந்தப் பொண்ணு மொதல்லேர்ந்தே புடிக்கல. ரெண்டு பேரையும் கலைக்கத்தான் அப்படிச் சொன்னேன். நீங்களே வேணாம்னுட்டீங்க, எனக்கு வேல மிச்சம்."

அவ்வளவுதான். "நீங்க யாரு வேணாம்னு சொல்றதுக்கு?" என்றார் ஒருவர். "செயலாளருக்கு ஓட்டே கெடையாது!" என்றார் மற்றவர். இருவரும் வாழ்நாளில் முதன்முறையாக ஒரே மேசையில் அமர்ந்தார்கள். கலியமூர்த்தியின் பேனா எழுதாமல் போக, ராமாமிர்தம் தம் பேனாவைக் கொடுத்தார். செயலாளரின் எதிர்ப்பை முறியடித்து வெண்மதிக்கு வழங்குவதாகக் கையெழுத்தாயிற்று. அன்று மாலையே கலியமூர்த்தி வெண்மதி வீட்டுக்குப் போய், அமராவதி அம்மாவை மீறி வாங்கிக் கொடுத்த கதையை அளந்துவிட்டு வந்தார்.

அவர்கள் போனபின் சார்லஸ் உங்கள் முன் வந்து நின்றார். வாயைத் திறக்குமுன் நீங்களே சொன்னீர்கள்: "மொத வருஷம் இப்படித்தான். ரெண்டு பேருக்கும் ஒரே பையனப் புடிச்சுது, அதனாலயே ரெண்டு பேரும் கையெழுத்துப் போடல. அவன் படிப்ப உட்டுட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்ட்டான். இத வெளிய சொல்லிடாதீங்க சார்லஸ். தெரிஞ்சா அடுத்த வருஷம் பலிக்காது."

அவர் சொல்லவில்லை. அதன்பின் ஆண்டுதோறும் நீங்கள் தகுதியான ஒருவரை எதிர்த்தீர்கள். தவறாமல் அவருக்கே கிடைத்தது. உதவித்தொகை பெற்றவர்கள் நன்றிக் கடிதங்களைத் தலைவர்களுக்கு அனுப்பினார்கள். வெண்மதி கீழவீதியில் உங்களைக் கண்டால் எதிர்ப்பக்கம் கடந்துபோனார். அதைச் சார்லஸ் பார்த்தபோதெல்லாம், நீங்கள் பூக்காரியிடம் முழத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தீர்கள்.

தலைவர்கள் இருவரும் சென்ற ஆண்டே பொறுப்பிலிருந்து விலகிவிட்டதால் இனி இதை வெளியே சொல்லலாம். இதோ முன்வரிசையில் அமர்ந்து எங்களை முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐயா, கோபித்துக்கொள்ள வேண்டாம். நல்லதைத்தான் செய்தீர்கள், தெரியாமல் செய்தீர்கள்.

அம்மையாரே! இனியாவது நீங்கள் நினைத்ததை நினைத்தபடியே பேசி, கேட்டவர்கள் கேட்டபடியே நம்பி, உடல் நோகாமல், உறக்கம் கெடாமல் பல்லாண்டு வாழ்க! எங்களுக்கு உங்களைப் பிடிக்கும். சார்லஸுக்கு மிகவும் பிடிக்கும். இதை அவரே எழுதச் சொன்னார்.

இன்னொன்று. வெண்மதி இப்போது கடலூர் சிப்காட் ஆலை ஒன்றில் மனிதவள அலுவலர். இந்த விழாவுக்கு அழைத்தபோது தொலைபேசியில் அவர் கேட்டார்: "என்ன வேணாம்னு சொன்னவுங்களுக்கு நான் எதுக்கு சார் மால போடணும்?" சார்லஸ், "போட வேணாம்மா, மடல் படிக்கறத மட்டும் கேட்டுட்டுப் போ" என்றார். கதவோரம் கடைசி நாற்காலியில் வெண்மதி அமர்ந்திருக்கிறார். மாலையை நாங்களே வாங்கி வைத்திருக்கிறோம். ராபர்ட் அதை இப்போது அவர் கையில் கொண்டுபோய்க் கொடுப்பார். போடுவதும் போடாததும் அவர் விருப்பம்.

உங்களை ஐயுற்று, அறிந்து, அன்பு கொண்ட
அறக்கட்டளை அலுவலகப் பணியாளர்கள்
சிதம்பரம், 2012