இரண்டு நீளம், இரண்டு குட்டை

பழைய காரின் கோளாறு என்னவென்று பார்க்க ஸ்கேனர் எல்லாம் வேண்டியதில்லை, சார். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பிளக்கில் இரண்டு துளைகளை ஒரு வயர்த் துண்டால் இணைத்து, சாவியைத் திருப்பினால் போதும். மீட்டரில் எஞ்சின் விளக்கு சிமிட்டும். நீளமான சிமிட்டல் பத்து, குட்டையானது ஒன்று. கூட்டினால் எந்தப் பாகத்தில் கோளாறு என்று சொல்லும் கோட் நம்பர் வந்துவிடும். தோட்டத்து லோரிகளுக்கு முப்பது வருடம் ஸ்பேனர் பிடித்தவன் நான். எண்ணிக்கையில் எனக்குப் பிசகாது.

பக்கத்து வீட்டு விக்டருக்கு இதெல்லாம் தெரியாது. பொனட்டைத் திறந்தாலே திருதிருவென்று விழிப்பான். அவன் காருக்கு வைத்தியம் நான்தான். அவன் மனைவி பமீலா, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் எனக்கும் ஒரு தட்டுச் சோறு அனுப்புவாள். கொண்டு வருவது அவர்கள் மகள் ஜோசலின், ஐந்து வயது. "மாமா, சாப்ட்டுட்டுத் தட்டக் கழுவிக் குடுங்க" என்று அதட்டுவாள். எனக்கு வேறு யாரும் இல்லை. அவள்மேல் உயிரையே வைத்திருந்தேன். சொல்ல எனக்கென்ன வெட்கம்.

விக்டருக்குச் சிரம்பான் டவுனில் வேலை கிடைத்தது. அங்கே பாரோய்ப் பக்கம் குடிபோக வீடு பார்க்கத் தொடங்கினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் வீடு பார்க்கக் கிளம்பும் சனிக்கிழமைகளில், விடிந்ததும் போய் எஞ்சினில் ஒரு சென்சரின் பிளக்கைக் கழற்றிவிடுவேன். கார் ஸ்டார்ட் ஆகாது. பயணம் நின்றதும் சரிபார்ப்பது போல் மாட்டிவிடுவேன். இப்படி இரண்டு வீடுகள் கைநழுவிப் போயின. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

மூன்றாம் சனிக்கிழமையும் கழற்றியிருந்தேன். ஒன்பது மணிக்கு விக்டர் ஓடி வந்தான்.

"அண்ணே, பாப்பாவுக்கு வீசிங்ணே. மூச்சு பம்ப் அடிச்சும் கேக்கல. காடி வேற ஸ்டார்ட் ஆவல."

பமீலா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்சீட்டில் இருந்தாள். பிளக்கை மாட்டுவது ஒரு நொடி வேலை. ஆனால் விக்டர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். கை நேராக அங்கே போனால் என்ன நினைப்பான்? முறைப்படியே செய்வோம் என்று வீட்டுக்குப் போய் வயர் எடுத்து வந்தேன்.

"ரொம்ப நேரமாவுமாண்ணே?"

"பொறுலா விக்டர். கோட் பாக்காம கை வைக்கக் கூடாது."

நீளம் இரண்டு, குட்டை இரண்டு. இருபத்திரண்டு. நான் கழற்றிய அதே சென்சர். மறுபடியும் எண்ணினேன். ஒரே முறை எண்ணிவிட்டு எழுந்திருப்பது அரைகுறை வேலை. பின்னால் ஜோசலினுக்கு மூச்சு இழுப்பது கேட்டுக்கொண்டே இருந்தது. இருந்தும் எண்ணிக்கை தவறவில்லை. பிறகு பொனட்டைத் திறந்து, கொஞ்சம் தேடி, மாட்டினேன். எஞ்சின் ஒரே திருப்பில் பிடித்தது.

எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்கும். ஆஸ்பத்திரி வாசலை எட்டும்போது அவள் இல்லை. "நீங்க முடிஞ்சத செஞ்சீங்கண்ணே" என்று விக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

நான்தான் செய்தேன், வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், சார். ஆனால் இதையும் சேர்த்து எழுத வேண்டும். தோட்டத்து மாதா கோயிலுக்குப் பின்னால்தான் அடக்கம் செய்தார்கள். பிள்ளையை விட்டுவிட்டு எங்கும் வரமாட்டேன் என்று பமீலா சொல்லிவிட்டாள். விக்டரும் சிரம்பான் வேலையை வேண்டாமென்று விட்டான். மூன்று பேரும் இங்கேயேதான், என் பக்கத்திலேயேதான் இருக்கிறார்கள்.