வீட்டு விலையோடு வழித்தொலைவையும் சேர்க்கச் சொன்ன ஹேமாவதி அம்மையாருக்கு

நகரமைப்புத் திட்டப் பிரிவின் நல்விளக்கே! வரைபடத்தில் வண்ணம் மட்டும் பார்த்த எங்களுக்கு, அந்த வண்ணத்துக்குள் வாழும் மனிதரைக் காட்டியவரே! இன்று பணி ஓய்வு பெறும் ஹேமாவதி அம்மையாரே! வணங்குகிறோம்.

மகிழ்ந்து பாடவேண்டிய மடல் இது, மனம் வரவில்லை. நம் அலுவலகத்தை ஒட்டிய இரும்புலியூரில் சும்மா கிடக்கும் அரசு நிலத்தில் ஏழைகளுக்கு அடுக்ககம் கட்ட நீங்கள் அரும்பாடுபட்டு ஆக்கிய திட்டம், இன்று காலைதான் மேலிடத்திலிருந்து மறுக்கப்பட்டுத் திரும்பியது. வெகுதூரம் தள்ளி, சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அப்பால் கட்டினால்தான் மலிவாம்.

மலிவு! அந்தச் சொல்லோடு நீங்கள் போட்ட சண்டை கொஞ்சமா? வருமானத்தில் எவ்வளவு வீட்டுக்குப் போகிறது என்பதோடு நம் துறை நிறுத்திக்கொள்ளும். வேலைக்குப் போய்வரும் செலவையும், வழியில் தொலையும் பொழுதையும் சேர்த்தால்தான் அது வீட்டின் விலை என்றீர்கள். "அது போக்குவரத்துக்காரங்க கவலை மேடம்" என்று கூட்டத்தில் சிரித்தார்கள். அடுத்த கூட்டத்துக்குச் செல்லியம்மாளையே அழைத்து வந்தீர்கள். இரும்புலியூரில் வீட்டுவேலை செய்பவர். சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அப்பால் முன்பே நம் துறையால் சொந்த வீடு ஒதுக்கப்பட்டவர். குளிரூட்டிய அறையில் அஞ்சாமல் சொன்னார்: "வூடு நல்லாத்தான் கீது சார். அங்க வேல இன்னா கீது? நான் இங்க ஓடியாந்துட்டா, புள்ள ஸ்கூல் வுட்டு வந்து பூட்டுன கதவாண்ட குந்திகினு கீது." இன்று அவர் அந்த வீட்டைப் பூட்டிவிட்டு, இரும்புலியூரிலேயே ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார். நம் கணக்கில் மட்டும் அவர் வீடு பெற்றவர்.

அயராத அறிவே! அடங்காத அறச்சீற்றமே! கள ஆய்வென்றால் ஜீப்பை ஒதுக்கிவிட்டு, நெரிசல் பேருந்தில் எங்களையும் இழுத்துக்கொண்டு போவீர்களே! அப்போது மனத்துக்குள் திட்டியவர்களும் இன்று உங்களைப் போற்றுகிறோம்.

ஓய்வு பெறுபவரை அனைவரும் கூடிச் சென்று வீட்டில் விட்டுவருவது நம் அலுவலக வழக்கம். நீங்கள் குடியிருந்த வாடகை வீட்டை இடிக்கப் போகிறார்கள். ஓய்வூதியத்துக்கு எட்டிய வீடு உங்களுக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அப்பால்தான் கிடைத்தது. "அவ்ளோ தூரமா? திரும்பி வர்றதுக்கு ராத்திரி ஆய்டுமே சார்" என்றார் ஓட்டுநர் எலியேசர். உடனே பலருக்கும் அவசர வேலை வந்துவிட்டது. உங்களோடு வருவோர் இருவரே.

உடல் நலமும் உள்ள உரமும் குன்றாமல் நெடுங்காலம் வாழ்க! இவ்விடத்தில் 'அடிக்கடி வந்து காண்போம்' என்று எழுதுவது மரபு. எழுதினோம், அடித்துவிட்டோம். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைப் படிக்க எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை.

கனத்த மனத்துடன்,
திட்டப் பிரிவு ஊழியர்கள்,
தாம்பரம்