கிழங்கில் ஒட்டிய மண்

அண்ணி: சிமெண்ட்டுன்னுதான் சொன்னாங்க.

கொழுந்தன்: கிழங்குலயா?

அண்ணி: கிழங்குக்குள்ள இல்ல. மேல ஒட்டியிருக்கிற மண்ணுல.

கொழுந்தன்: அண்ணி, நாம விக்கிறது உருளைக்கிழங்கு. செங்கல் இல்ல.

அண்ணி: அதைத்தான் நானும் சொன்னேன். 'ஆய்வுக்கூடத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்'னு போனை வச்சிட்டாங்க, நமக்கு 'இயற்கை' முத்திரை குடுக்கிற அந்த அதிகாரியம்மா. இப்ப நேர்லயே வர்றாங்களாம். முதல்ல ஷட்டரைப் பாதி இறக்கு. கீரைக்கு வர்ற கூட்டம் வந்துடும்.

கொழுந்தன்: இறக்கிட்டேன். எந்தக் கடையில எடுத்த கிழங்காம்? போன வாரம் நம்ம பதினோரு கடையிலயும்தானே சோதனைக்குன்னு கடைக்கொரு பையில போட்டுக்கிட்டுப் போனாங்க.

அண்ணி: அது... சொல்லல. நேர்ல சொல்வாங்களா இருக்கும்.

கொழுந்தன்: நீங்க கேக்கலையா?

அண்ணி: சிமெண்ட்டுன்னதும் கையும் ஓடல, காலும் ஓடல. இதுல எங்க கேக்கிறது.

கொழுந்தன்: ஒரு தக்காளி அழுகியிருந்தா எந்தக் கூடை, எந்த வண்டி, ஓட்டினவன் யாருன்னு பொழுதுக்கும் விசாரிப்பீங்க. இன்னிக்கு மட்டும் கேக்க மறந்துட்டீங்களாக்கும்.

அண்ணி: தலை சுத்துது தம்பி. அந்த ஸ்டூலை இழு, உக்காரணும்.

கொழுந்தன்: இந்தாங்க. கை என்ன ஈரமா இருக்கு? நகமெல்லாம் கறுப்பு.

அண்ணி: பின்னாடி செடிக்குத் தண்ணி ஊத்தினேன்.

கொழுந்தன்: அந்தத் தண்ணித் தொட்டி ஒழுகுதுன்னீங்களே, கொத்தனாரை அனுப்பவா?

அண்ணி: அதெல்லாம் அடைச்சாச்சு. இப்பத் தொட்டியா பெருசு? போர்டு இறங்கப் போகுதுன்னு நான் உக்காந்திருக்கேன்.

கொழுந்தன்: எந்த போர்டு?

அண்ணி: அந்தம்மா சொன்ன கணக்கைக் கேளு. தப்பு ஏதோ ஒரு கடையில நடந்திருந்தா, அந்த ஒரு கடைக்கு முத்திரை போகும். குடோன்ல நடந்திருந்தா எல்லாக் கடைக்கும் போகும். பதினோரு போர்டுலயும் 'இயற்கை'ங்கிற வார்த்தையை மறைக்கணும்.

கொழுந்தன்: இயற்கை அங்காடியில இயற்கையை எடுத்துட்டா...

அண்ணி: வெறும் அங்காடி. எதிர்க்க இருக்கிற கடைக்காரர் இருபது வருஷமா அதைத்தான் நடத்துறாரு, நம்மளவிட மலிவா.

கொழுந்தன்: இருங்க இருங்க... எனக்கு ஒண்ணும் புரியல. கிழங்கு வயல்லேருந்து வருது. வயல்ல ஏது சிமெண்ட்டு? விவசாயி ஐயா வீடு கீடு கட்டுறாரா?

அண்ணி: அதைத்தான் கேக்கப் போறேன். போனைக் குடு.

கொழுந்தன்: வேணாம் அண்ணி. அவரை எதுக்கு... பெரிய மனுசன், சங்கடப்படுவாரு.

அண்ணி: மடியில கனம் இல்லேன்னா வழியில என்ன பயம்? ...ஐயா, நான்தான் பேசுறேன்... நல்லா இருக்கேங்க. கிழங்கு அருமையா இருக்கு. அதுல ஒட்டியிருக்கிற மண்ணைப் பத்தித்தான்... என்னது? மண்ணே இல்லையா? ...கழுவியா? ...யாரு சொல்லி? ...ஓ. ...இல்ல இல்ல, அவன் பக்கத்துலதான் இருக்கான். நான் கேட்டுக்கிறேன். வச்சிடறேங்க.

கொழுந்தன்: ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கவா அண்ணி?

அண்ணி: அவரு வாய்க்கால்ல ரெண்டு தரம் அலசித்தான் மூட்டை கட்டுறாராம். உன் உத்தரவாம்.

கொழுந்தன்: அது... மண்ணோட எடை போட்டா நமக்கு நட்டம்ல அண்ணி. மண்ணையுமா விலைக்கு வாங்குறது?

அண்ணி: நியாயம். வியாபாரி வீட்டுப் பிள்ளை கேக்க வேண்டிய கேள்விதான். அப்ப வயல்லேருந்து கிழங்கு பளபளன்னு வருது. கடைக்கு வரும்போது மட்டும் மேலெல்லாம் மண்ணு. வண்டியில வரும்போது வழியில இறங்கி விளையாடுச்சா?

கொழுந்தன்: அண்ணி...

அண்ணி: சொல்லுங்க கிளையாரே.

கொழுந்தன்: கிளையாரா?

அண்ணி: கடைப் பசங்க உனக்கு வச்ச பேரு. எந்தத் தெருவுல நின்னாலும் ஒரு கிளை விட்டுடறியாம். சொல்லு.

கொழுந்தன்: கழுவின கிழங்கை மூணாவது கடையில வச்சுப் பார்த்தேன். ஒருத்தரும் தொடல. 'இவ்வளவு பளிச்சுன்னு இருக்கே, மருந்து அடிச்சதா?'ன்னு கேக்கிறாங்க. நம்ம கிழங்கு நெசமாவே சுத்தம். ஆனா சுத்தமா இருந்தா சுத்தம்னு நம்ப மாட்டேங்கிறாங்க. நான் என்ன பண்ணட்டும்?

அண்ணி: என்ன பண்ணின?

கொழுந்தன்: குடோன்ல... ரெண்டு பேரை வச்சு... லேசா மண்ணு பூசச் சொன்னேன்.

அண்ணி: பூசச் சொன்ன.

கொழுந்தன்: சாக்கை விரிச்சு, ஈர மண்ணைக் கொட்டி, உருட்டி எடுக்கிறது. கல்யாணப் பொண்ணுக்குக்கூட அவ்வளவு பக்குவமாப் பவுடர் போட மாட்டாங்க அண்ணி.

அண்ணி: விவசாயிகிட்ட வாங்கும்போது மண்ணுக்கு எடை கிடையாது. ஜனங்ககிட்ட விக்கும்போது மண்ணுக்கும் எடை உண்டு. அப்படித்தானே?

கொழுந்தன்: நான் அதை அப்படி யோசிக்கல.

அண்ணி: நீ யோசிக்காம இருப்பியா? சரி, மண்ணு எங்கேருந்து?

கொழுந்தன்: பன்னெண்டாவது கடைக்கு அஸ்திவாரக் குழி தோண்டினோம்ல. அங்க எடுத்தது. மூட்டை கட்டி குடோன்ல போட்டிருக்கேன்.

அண்ணி: கட்டட வேலை நடக்கிற இடத்து மண்ணு.

கொழுந்தன்: ஆமா... இல்ல, அங்க சிமெண்ட்டு இன்னும்...

அண்ணி: சிமெண்ட்டு இன்னும்?

கொழுந்தன்: ...ஒண்ணும் இல்ல.

அண்ணி: வேலை நல்லாப் போகுதா அங்க?

கொழுந்தன்: போகுது... போகுது. பிரமாதமாப் போகுது.

அண்ணி: அப்புறம் என்ன, சிமெண்ட்டு எங்கேருந்து வந்துச்சுன்னு குழம்பிக்கிட்டு இருந்தோம். வந்த வழி தெரிஞ்சு போச்சு.

கொழுந்தன்: அப்படியா சொல்றீங்க?

அண்ணி: வேற எப்படிச் சொல்றது? குழி உன்னுது, மண்ணு உன்னுது, குடோன் உன்னுது.

கொழுந்தன்: ஆனா எனக்கு இன்னும் எங்கயோ இடிக்குது அண்ணி.

அண்ணி: இடிக்கத்தான் செய்யும். பதினோரு போர்டு தலையில விழப்போகுதுல்ல.

கொழுந்தன்: அண்ணன்கிட்ட என்ன சொல்றது? கடைங்கள்ல நூறு பேருக்கு மேல வேலை பாக்கிறாங்க. 'இயற்கை' போயிடுச்சுன்னா... அண்ணி, நான் வேணும்னு செய்யல.

அண்ணி: தெரியும். கண்ணைத் துடை. ஒரு வழி இருக்கு.

கொழுந்தன்: என்ன வழி?

அண்ணி: குடோன்ல நடந்ததுன்னா பதினொண்ணும் போகும். ஒரு கடையில நடந்ததுன்னா ஒண்ணோட போகும். இந்தக் கடையில நடந்துச்சுன்னு நான் சொல்லிடறேன்.

கொழுந்தன்: இந்தக் கடையா? வேணாம் அண்ணி. இது உங்க கடை. முதல் கடை. உங்க வீட்டு முன்னறையில நாலு கூடையோட ஆரம்பிச்சது. இதுல போயி...

அண்ணி: வெட்டினா எந்தக் கையை வெட்டினாலும் வலிக்கும். பத்துக் கடை பிழைக்கும்ல?

கொழுந்தன்: நான் செஞ்ச தப்புக்கு நீங்க எதுக்கு அண்ணி...

அண்ணி: சும்மா செய்யல. நானும் வியாபாரம் பண்றவதான். பதிலுக்கு ஒண்ணு வேணும்.

கொழுந்தன்: எது வேணும்னாலும் கேளுங்க.

அண்ணி: பன்னெண்டாவது கடை வேணாம். இதோட நிறுத்து.

கொழுந்தன்: பன்னெண்டாவதையா?

அண்ணி: போன மாசம் ஏழாவது கடைக்குப் போனேன். தாகம்னு ஒரு டம்ளர் தண்ணி கேட்டேன். கல்லாவுல இருக்கிற பொண்ணு, 'வாடிக்கையாளர் அட்டை இருக்கா?'ங்கிறா. நான் ஆரம்பிச்ச கடை, நான் வச்ச பேரு. எந்தக் கிழங்கு எந்த வயலுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன் முன்னெல்லாம். இப்ப எந்தக் கடையில நிக்கிறோம்னு வெளிய வந்து நம்பரைப் பார்த்தாத்தான் தெரியுது. எல்லாம் ஒரே பலகை, ஒரே கூடை, ஒரே சிரிப்பு.

கொழுந்தன்: வளர்றதுன்னா அப்படித்தானே அண்ணி.

அண்ணி: வளரட்டும். மூச்சு வாங்கிட்டு வளரட்டும். இருக்கிற நாலு விவசாயியை வச்சுக்கிட்டு பன்னெண்டு கடைக்கு எங்க போவ? நாளைக்கு மருந்து அடிச்ச கிழங்கை வாங்கி அதுக்கும் மண்ணு பூச வேண்டி வரும். நிறுத்துறியா, மாட்டியா?

கொழுந்தன்: ரொம்பப் பெரிய விலை கேக்கிறீங்க.

அண்ணி: என் கடை போர்டைவிடவா?

கொழுந்தன்: ...சரி.

அண்ணி: சரின்னா?

கொழுந்தன்: பன்னெண்டாவது கடை கிடையாது. மண்ணு பூசுறதும் இன்னியோட நின்னுச்சு. உங்க தலைமேல சத்தியம்.

அண்ணி: என் தலையை விடு. உன் தலையில அடிச்சுச் சொல்லு.

கொழுந்தன்: சத்தியம் அண்ணி. ...ஷட்டர் கிட்ட யாரோ நிக்கிறாங்க.

அதிகாரி: உள்ள வரலாமா?

கொழுந்தன்: வாங்க மேடம். குனிஞ்சு வாங்க, தலை இடிச்சுடும்.

அதிகாரி: உக்காரவெல்லாம் நேரம் இல்ல. உங்க கிழங்குல ஒரு குறையும் கிடையாது. மருந்து வாடையே இல்ல. மேல இருக்கிற மண்ணுதான் விவகாரம். அந்தச் சிமெண்ட்டு குடோன்ல ஒட்டினதா, கடையில ஒட்டினதா? அது தெரிஞ்சாத்தான் நான் முடிவு சொல்ல முடியும்.

அண்ணி: கடையிலதாங்க. இங்கதான்.

அதிகாரி: எப்படி?

கொழுந்தன்: அது... எலி மேடம்.

அதிகாரி: எலி சிமெண்ட்டு பூசுமா?

அண்ணி: நீ சும்மா இரு தம்பி. மேடம், கிழங்கைக் கழுவி வச்சா இங்க விக்க மாட்டேங்குது. அதனால நானே மண்ணு பூசுவேன். பின்னாடி கறிவேப்பிலைப் பாத்தியில கரிசல் மண்ணு இருக்கு. அதை வாளியில கரைச்சு, கிழங்கை முக்கி எடுத்து, கல்லு மேல காய வைப்பேன்.

கொழுந்தன்: அடேயப்பா.

அதிகாரி: என்ன?

கொழுந்தன்: இல்ல மேடம், இருமல்.

அதிகாரி: சிமெண்ட்டு?

அண்ணி: தண்ணித் தொட்டி ஒழுகிச்சு. கொத்தனாரைக் கூப்பிடுவானேன்னு நானே குழைச்சுப் பூசினேன். மிச்சத்தைப் பாத்தி ஓரமாத் தட்டிட்டேன். அது மண்ணோட கலந்துடுச்சு போல.

அதிகாரி: பின்னாடி போய்ப் பார்க்கலாமா?

கொழுந்தன்: பின்னாடி எதுக்கு மேடம், வழுக்கும். விளக்குகூட இல்ல.

அண்ணி: தாராளமாப் பாருங்க. அந்தக் கதவுதான்.

கொழுந்தன்: அண்ணி, அவங்க போயிட்டாங்க... காதைக் குடுங்க. பிரமாதமாச் சொன்னீங்க. எனக்கே நம்பத் தோணுச்சு. ஆனா அங்க போனா ஒரு மண்ணும் இருக்காதே. மாட்டினோம்.

அண்ணி: பேசாம நில்லு.

கொழுந்தன்: நகத்துல இருக்கிற கறுப்பைக் காட்டுங்க அண்ணி. செடிக்கு ஊத்தினப்ப ஒட்டினதுன்னாலும்... வர்றாங்க.

அதிகாரி: வாளி இருக்கு. கல்லு மேல ஒரு வரிசைக் கிழங்கு இன்னும் ஈரமாவே காயுது. பாத்தி ஓரத்துல சிமெண்ட்டுக் கட்டியும் கிடக்கு. எல்லாம் நீங்க சொன்னபடிதான்.

கொழுந்தன்: இருக்கா?

அதிகாரி: இருக்கு. ஏம்மா, காலையில நான் போன்ல சொன்னப்பவே நீங்க இதைச் சொல்லியிருந்தா நான் இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாமே.

கொழுந்தன்: போன்ல என்ன சொன்னீங்க மேடம்?

அதிகாரி: இந்தக் கடைக் கிழங்குல மட்டும்தான் சிமெண்ட்டு, மத்த பத்துலயும் ஒண்ணும் இல்லன்னு.

அண்ணி: குடிக்கத் தண்ணி தரட்டுமா மேடம்?

அதிகாரி: வேணாம்மா. இந்தக் கடை போர்டுல மட்டும் அந்த வார்த்தை மேல துணி கட்டிடுங்க. அடுத்த சோதனையில பார்த்துக்கலாம். கிழங்கைக் கழுவியே வைங்க, விக்கும். வர்றேன்.

கொழுந்தன்: ...அண்ணி.

அண்ணி: ஏணியை எடு. துணி கட்டணும்.

கொழுந்தன்: காலையிலேயே தெரியும் உங்களுக்கு.

அண்ணி: ம்.

கொழுந்தன்: உங்க தப்பையே எனக்கு விலை சொல்லி வித்திருக்கீங்க.

அண்ணி: உன்னுது தப்பு இல்லையா? நீ பூசி அனுப்பினது செம்மண்ணு. ஐயா வயலு கரிசல். மத்தக் கடைக்கு வர்றவங்களுக்கு மண்ணுன்னா மண்ணு. இந்தக் கடைக்கு வர்றவங்க முதல் நாள்லேருந்து வர்றவங்க. நிறம் மாறினாக் கேப்பாங்க. உன் மானத்தைக் காப்பாத்த உன் மண்ணைக் கழுவி, என் மண்ணைப் பூசிக்கிட்டு இருந்தேன்.

கொழுந்தன்: ரெண்டு தரம் குளிச்சு ரெண்டு தரம் அழுக்கானது இந்தக் கிழங்கு ஒண்ணுதான் உலகத்துல.

அண்ணி: பேச்சை மாத்தாத. கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். பன்னெண்டாவது கடை நின்னுச்சு.

கொழுந்தன்: நின்னுச்சு.

அண்ணி: என்ன சிரிப்பு?

கொழுந்தன்: அங்க ஒரு சிமெண்ட் மூட்டைகூட இறங்கலைன்னு அப்பவே சொல்ல வாயெடுத்தேன் அண்ணி. சொன்னா ஏன் இறங்கலைன்னு கேப்பீங்க, ஊரெல்லாம் பன்னெண்டு பன்னெண்டுன்னு தம்பட்டம் அடிச்சவன் என்ன பதில் சொல்றது... குழி தோண்டின கையோட இடத்துக்காரர் வேற ஆளுக்குக் குடுத்துட்டாரு. நீங்க நிறுத்தச் சொன்ன கடை நின்னு போயி ஒரு மாசம் ஆச்சு.