வெட்டறதா, குடுக்கறதா

இல்லண்ணா, நீங்க எதையும் தப்பா அமுத்தல. ஸ்கிரீன்ல செவப்பு செவப்பா தெரிஞ்சுதே, அத மனசுல வெச்சுக்காதீங்க. அது உங்க கண்ணுல படவே கூடாது, நீங்க வெளிய வர்றதுக்குள்ள நான் மூடியிருக்கணும். மறந்துட்டேன். இப்பல்லாம் நெறைய மறக்குது. உக்காருங்க, உக்காருங்க. ஸ்கேன் மெஷின்ல ஒரு மணி நேரம் படுத்திருந்துட்டு எழுந்த கையோட நடந்தா தல சுத்தும். போன வாரம் ஒரு பேங்க் மேனேஜர், எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னு வீராப்பா எழுந்து நேரா கதவுல போய் முட்டிக்கிட்டாரு. உங்க வாட்ச், பெல்ட்டு, சாவிக்கொத்து எல்லாம் இந்தத் தட்டுல இருக்கு, பாத்துக்கோங்க. பத்து நிமிஷம் உக்காந்துட்டுப் போலாம். டீயா? மெஷின் டீதான் இருக்கு, வாயில வெக்க முடியாது. தண்ணி குடிங்க.

எத்தனையா? பதினஞ்சு. நூத்தி இருபது கிளிப் பாத்தீங்க, அதுல பதினஞ்சுதான் தப்புன்னு செவப்பு. மீதி அத்தனையும் பச்ச.

தெரியும்ண்ணா, ஃபாரத்துலயே எழுதியிருந்தீங்களே. பஸ் டிரைவர், இருபத்திரெண்டு வருஷம், ஒரு கேஸ் கெடையாது. அதப் பாத்துட்டுத்தான் உங்களக் கடைசியா கூப்ட்டேன். ரோட்டோரம் நிக்கற ஆள் குறுக்க வருவானா மாட்டானான்னு உங்களுக்கு எப்படித் தெரியுது? சும்மா சொல்லுங்க, இதெல்லாம் எழுதிக்க மாட்டேன். தோளா? பாத்தீங்களா, நீங்க தோள்ங்கறீங்க. உங்களுக்கு முன்னாடி ஒரு ஃபுட்பால் ரெஃப்ரி வந்தாரு, அவரு இடுப்புன்னாரு. ஒரு நர்ஸு வந்தாங்க, அவங்க மூச்சுன்னு சொன்னாங்க. ஆளாளுக்கு ஒண்ணு. ஆனா எல்லாருக்கும் தெரியுது, அதான் விஷயம்.

எப்படின்னா, இத நான் ஆயிரம் தடவ சொல்லியிருப்பேன். எதிர்ல ஒருத்தர் கைய நீட்டறாருன்னு வைங்க. நாம கை நீட்டும்போது நம்ம மூளையில வேல செய்யுமே ஒரு எடம், கிட்டத்தட்ட அதே எடம் அப்பவும் லேசா முழிச்சுக்கும். நம்ம கை அசையாது. உள்ளுக்குள்ள மட்டும் ஒரு ஒத்திகை மாதிரி ஓடும். அவரு என்ன பண்ணப் போறாருன்னு உக்காந்து யோசிச்சுக் கண்டுபிடிக்கறதில்லண்ணா, பாதிய நாமளே பண்ணிப் பாத்துடறோம். அது மட்டுமே காரணம்னு சொல்லிடக் கூடாது, இந்த ஆராய்ச்சிய நடத்தற எங்க சார் காதுல விழுந்தா திட்டுவாரு, படிச்சவங்களே இன்னும் அதுல சண்ட போட்டுக்கிட்டுதான் இருக்காங்க. நாம வழக்கமா பண்ற வேலையா இருந்தா இன்னும் பளிச்சுனு புரியும். டான்ஸ் ஆடறவங்க டான்ஸ் பாக்கறதும் நான் டான்ஸ் பாக்கறதும் ஒண்ணில்ல.

முன்னாடியெல்லாம் இதச் சொல்லும்போதே எனக்குப் புல்லரிக்கும். பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்க கிட்டல்லாம் சொல்லுவேன், எழுந்து வேற சீட்டுக்குப் போயிடுவாங்க. இப்ப வாய் பாட்டுக்கு சொல்லுது, நானும் என் பாட்டுக்குக் கேட்டுக்கிட்டு நிக்கறேன்.

அந்தப் பதினஞ்சா? சொல்றேன். நீங்க பாத்ததெல்லாம் என்ன? மேஜ மேல ஒரு கத்தரிக்கோல். ஒரு கை வருது. தொடறதுக்கு முந்தின நொடி படம் கட் ஆயிடும். இந்தக் கை கத்தரிய எடுத்துத் துணி வெட்டப் போகுதா, எதிர்ல இருக்கறவங்களுக்குக் குடுக்கப் போகுதா? வெட்டறதுன்னா இடது பட்டன், குடுக்கறதுன்னா வலது. வெட்டப் போற கைன்னா கட்டவிரல் முன்னாடியே தனியாப் பிரிஞ்சு வளையத்தத் தேடிக்கிட்டே வரும். குடுக்கப் போற கைன்னா கத்தரியோட முனைப் பக்கமா வந்து மொத்தமாப் பிடிக்கப் பாக்கும், வளையம் அடுத்தவங்களுக்குன்னு விட்டுடும். நமக்கு இதெல்லாம் தெரியும்னே நமக்குத் தெரியாது. ஆனா முக்கால் செகண்டுல சொல்லிடுவோம்.

நாலு பேரோட கைய எடுத்தோம். ஆளுக்கு முப்பது. பதினஞ்சு வெட்டறது, பதினஞ்சு குடுக்கறது. மூணு பேர் கையில எந்தப் பிரச்சனையும் இல்ல. நாலாவது கைதான். அது குடுக்கறதுன்னு எடுத்த பதினஞ்சையும் எல்லாரும் சரியா சொல்லிட்டாங்க. வெட்டறதுன்னு எடுத்த பதினஞ்சையும் குடுக்கறதுன்னே அமுத்தறாங்க. நீங்களும் அதான். ஒண்ணுலகூட வெட்டறதுன்னு அமுத்தல. உங்களுக்கு முன்னாடி வந்த பத்தொம்பது பேரும் அப்படித்தான், அதனாலதான் சொல்றேன், உங்க மேல தப்பில்ல.

சார் நாலு மணிக்கு வந்துடுவாரு. இருபதாவது ஆளும் இப்படியே சொன்னா அந்தப் பதினஞ்சையும் தூக்கிடுன்னு சொல்லிட்டாரு. கிளிப் மட்டும் இல்ல, கட் பண்ணாம மொதல்ல எடுத்த ஒரிஜினலும் சேத்து. கம்ப்யூட்டர்ல எடம் அடைக்குதாம். வேற ஒரு கைய வெச்சு திரும்ப எடுத்துக்கலாம்ங்கறாரு. இதோ ஃபாரம். காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதுல நடிப்பு சரியில்லன்னு நான் எழுதிக் கையெழுத்துப் போடணும். காலைலேருந்து பேனாவ எடுக்கறேன், வெக்கறேன். மத்த கையெல்லாம் போனா போகட்டும்னு விட்டுடலாம். இந்தக் கைய திரும்ப எடுக்க முடியாதுண்ணா.

எங்க அக்காவோடது.

கூடப் பொறந்தவதான். என்னவிட ஒம்போது வயசு பெரியவ. டைலரு. மார்க்கெட்டுக்குப் பின்னாடி கடை வெச்சிருந்தா, ஒரு ஆள் உள்ள நின்னா இன்னொரு ஆள் வெளிய நிக்கணும், அவ்ளோதான் கடை. ஸ்கூல் யூனிஃபார்ம், ஆஸ்பத்திரி கோட்டு, எல்லாம் அவதான். பதினெட்டு வருஷம் கத்தரி பிடிச்ச கை. கோடே போடாம வெட்டுவா. என்னைப் படிக்க வெச்சதும் அந்தக் கைதான், அத விடுங்க. கத்தரி எடுக்கற கை வேணும்னு சார் சொன்னப்போ நான் குதிச்சேன், எங்க அக்காவக் கூட்டிட்டு வர்றேன் சார், அவ எடுத்தா மூளை இருக்கற எவனுக்கும் புரியும்னு. வந்தா. நல்ல சட்ட போட்டுக்கிட்டு வந்தா, பாவம். கை மட்டும்தான் தெரியும்னு நான் சொல்லவே இல்ல. மொகத்துக்கெல்லாம் பவுடர் போட்டிருக்கேன்டி, ஒரு ஓரத்துலயாவது காட்டுன்னு கேட்டா.

அன்னிக்கு காலைல குடுக்கறத எடுத்தோம். அது சுளுவா முடிஞ்சுது. சாப்ட்டுட்டு வந்து வெட்டறது. அதுல இழுத்துச்சு. கட்டவிரல் வளையத்துக்குப் போகவே மாட்டேங்குது. நான் சத்தம் போட்டேன். ஏன்க்கா, கடைல எப்படி எடுப்ப, அப்படி எடேன், இது என்ன பாம்பா, பயந்து பயந்து வர்றன்னு. அவ கைய ஒதறிக்கிட்டு சிரிச்சா. இன்னிக்கு இது சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதுடின்னா. நான் சரி சரி, தொடற வரைக்கும்தான் வேணும், அதுக்கப்புறம் என்ன வேணா பண்ணிக்கோன்னேன். அப்பவே எனக்கு அஞ்சு மணிக்குள்ள ரூம காலி பண்ணணும்னு ஓடிக்கிட்டு இருந்துச்சு.

அது நடந்து எட்டு மாசம் கழிச்சு ஒரு நாள் கடைல பட்டன் தைக்கும்போது ஊசி நழுவிச்சாம். எடுக்க முடியல. அப்புறம் தோள் வரைக்கும் வந்துடுச்சு. அப்புறம் அடுத்த கை. டாக்டர் ஒரு பேர் சொன்னாரு, நீளமா இருக்கும். மூளை சொல்லும், சொல்றது கைக்குப் போய்ச் சேராது, அவ்ளோதான். உணர்ச்சியெல்லாம் நல்லா இருக்கும். தொட்டா தெரியும். அசைக்கத்தான் முடியாது. எப்பலேருந்து இருக்குன்னு டாக்டர் கேட்டப்போ அந்த ஊசி விழுந்த நாளச் சொன்னோம். தேதியோட எழுதிக்கிட்டாரு. முன்னாடி ஏதாவது கவனிச்சீங்களான்னாரு. நான் இல்லன்னேன். யோசிக்கக்கூட இல்ல, இல்லன்னு வந்துடுச்சு. எனக்கு வேலையே கை எப்படி அசையுதுன்னு பாக்கறதுதான்னு அவருக்குத் தெரியாது.

வீட்லதான் இருக்கா. நல்லா பேசுறா. நான் ஊட்டிவிட்டா, ஸ்பூன நேராப் பிடிடி, நீயும் ஒழுங்கா நடிக்க மாட்டேங்கறன்னு கிண்டல் பண்ணுவா. முன்னாடியே தெரிஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு டாக்டர்கிட்ட கேட்டேன். பெருசா ஒண்ணும் மாறியிருக்காதுன்னாரு. நல்ல மனுஷன். அழுகையெல்லாம் வரலண்ணா. எல்லாரும் அழுதாங்க, நான் ஆட்டோ பிடிச்சேன், மாத்திர வாங்கினேன், கடைச் சாவியத் திருப்பிக் குடுத்தேன். அழறதுக்குன்னு ஒரு நேரம் வரும்னு பாத்துக்கிட்டு இருக்கேன்.

இல்லல்ல, அதுக்காக உங்கள உக்கார வெக்கல. உங்ககிட்ட ஒண்ணு ஒத்துக்கணும். உங்கள உள்ள படுக்க வெச்சப்போ நீங்க தப்பா சொல்லணும்னுதான் நான் நெனச்சேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, இடது, இடதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். இருபத்திரெண்டு வருஷம் மனுஷங்களப் பாத்தே வண்டி ஓட்டுன ஆளு ஒரே ஒரு தடவ வெட்டறதுன்னு அமுத்திட்டா போதும், அக்கா கைக்கு முடியலங்கறது பாத்தா தெரியற விஷயம் இல்ல, யாருக்குமே தெரியாதுன்னு நான் இருந்திருப்பேன். நீங்க அமுத்தல. பதினஞ்சுலயும் யோசிக்கவே இல்ல நீங்க. முக்கால் செகண்டுகூட எடுத்துக்கல.

நேத்து மத்தியானம், எப்படியும் அழிக்கத்தான் சொல்லப் போறாருன்னு, ஒரிஜினல ஒருக்கா தெறந்தேன். ஒண்ணர வருஷத்துல நேத்துத்தான் மொத தடவ. நாங்க எப்படி பண்ணுவோம்னா, விரல் தொட்ட உடனே நான் தலையக் குனிஞ்சு நேரத்த நோட்டுல எழுதணும், அங்கதான் கட் பண்ணப் போறோம்கறதால. அவ எடுத்து, திரும்ப வெக்கற வரைக்கும் கேமரா பாட்டுக்கு ஓடும், யாரும் பாக்க மாட்டோம். எந்தக் கிளிப்புக்கு எது சரிங்கற விடைய எதப் பாத்துப் போட்டேன்னு நெனக்கறீங்க? அன்னிக்கு காலைல நானே எழுதிவெச்ச லிஸ்ட்டப் பாத்து. பதினாறாவதுலேருந்து முப்பது வரைக்கும் வெட்டறதுன்னு லிஸ்ட்ல இருக்கு, அப்ப வெட்டறதுதான். கைய யாரு பாத்தா.

இருங்க, இந்தக் கட்டத்த எழுதிடறேன். நடிப்பு சரியில்லன்னு எழுதல. விடை தப்பு, போட்டது நான். போதும்ல? இருபது பேரோட கணக்கும் திரும்பப் போடணும், சார் குதிப்பாரு, என்னை அனுப்பினாலும் அனுப்பிடுவாரு. ஒரிஜினல மட்டும் அழிக்க முடியாது, இதுக்கு அதுதான் சாட்சி.

பாக்கறீங்களா? அஞ்சு செகண்டுதான். உங்களுக்கும் தெரியணும்ல நீங்க சரியா சொன்னீங்கன்னு. இந்தப் பக்கம் திரும்புங்க. சத்தம் வராது, நாங்க சத்தம் எடுக்கல. கை வருதா… இதோ, இங்கதான் உங்களுக்குக் கட் ஆச்சு. இனிமே நீங்க பாக்காதது. கட்டவிரல ஒருக்கா வளையத்துக்கிட்ட கொண்டுபோறா, வரல. விட்டுட்டா. முனைப் பக்கமாப் பிடிச்சுத் தூக்குறா. துணி இங்க கெடக்கு, கை அங்க போகவே இல்ல பாருங்க. நேரா நம்ம பக்கம் நீட்டறா.

யார்கிட்டயா? கேமராவுக்குப் பின்னாடி நான்தான் உக்காந்திருந்தேன். பதினஞ்சுலயும் இப்படித்தான் நீட்டறா. ஏதோ சொன்னா, அது மட்டும் ஞாபகம் இருக்கு. நான் ம்ம்னேன். என்ன சொன்னான்னு தெரியல. அவகிட்ட கேட்டா சொல்லிடுவா, நான் இன்னும் கேக்கல.